முழுக்கட்டு

புதன்கிழமை வந்துவிட்டால் எலும்பு ஆஸ்பத்திரியின் கட்டு ரூமில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கான நாள் அது. வாரம் ஒரு கட்டு வீதம் ஐந்தாறு வாரம் போட்டால், உள்ளே மடங்கிக் கிடக்கும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும். பழைய கட்டை வெந்நீரில் ஊறவைத்து உரிக்கும்போது ஒரு அழுகை, டாக்டரம்மா பாதத்தைப் பிடித்துத் திருப்பும்போது ஒரு அழுகை, புதுக்கட்டு சுற்றும்போது ஒரு அழுகை என்று தலைக்கு மூன்று அழுகை. நாற்பது குழந்தைகள் வந்தால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்குச் சில அம்மாக்களும் சேர்ந்துகொள்வார்கள்.

அத்தனைக்கும் நடுவில் மாஸ்டர் பாடிக்கொண்டே வேலை செய்வார். மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை, மாவுக்கட்டு மாஸ்டர். நாலு நல்ல மனிதர்களின் நன்கொடையில் ஓடுகிற அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுப் போடுகிறவர். மாவுத்துணிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை பொறுத்து, இரண்டு முனையையும் பிடித்து லேசாகப் பிழிந்து, பஞ்சின் மேல் சுற்ற ஆரம்பித்தால் கை தன் பாட்டுக்கு ஓடும். வாய் தன் பாட்டுக்கு ஏதோ ஒன்றைப் பாடும். அதில் ராகமும் இருக்காது, அர்த்தமும் இருக்காது. ஆனாலும் குழந்தைகள் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டு இந்த ஆள் யார் என்று பார்க்கும். அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் போதும்.

அன்றைக்கு மாஸ்டர் பாடவில்லை.

"என்ன மாஸ்டர், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டாள் கட்டு ரூம் சிஸ்டர். அவளுக்கு நாக்கும் கூர்மை, கண்ணும் கூர்மை.

"மழை சிஸ்டர். ஒத்துக்கல."

"வீட்டுல அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அடுத்த சுருளைத் தண்ணீரில் முக்கினார்.

அக்கா என்பது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் ஷூ அக்கா. கட்டு ரூமின் பலகைச் சுவருக்கு அந்தப் புறம் ஷூ செக்‌ஷன். கட்டெல்லாம் முடிந்து பாதம் நேரான குழந்தைகளுக்கு, அது திரும்ப வளைந்துவிடாமல் இருக்க, கம்பியில் பூட்டிய குட்டி ஷூ ஒரு ஜோடி கொடுப்பார்கள். அதற்குத் தோல் வெட்டி வார் தைக்கிறவள் அவள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஷூக்கள் அவை. இந்தப் பக்கம் புருஷன் கட்டுப் போட, அந்தப் பக்கம் பெண்டாட்டி வார் தைக்க, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். அவள் தையல் மிஷின் ஓடுவது அவருக்குக் கேட்கும்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அந்த மிஷின் நின்றது. தோல் எடுத்துவரப் பின்பக்கம் போனவள் ஈரப் படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து கை கரண்டி மாதிரி வளைந்து நின்றது. டாக்டரம்மாவே மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து, எலும்பை உட்கார வைத்தாள். சீட்டில் 'அரைக்கட்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவசர கேஸ் ஒன்றுக்காக ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள். சிஸ்டரும் கூடவே போனாள். அறையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

அரைக்கட்டு என்றால் கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மாவுப்பட்டையை வைத்து, மேலே சாதாரணத் துணியால் சுற்றிவிடுவது. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் புது அடி வீங்கும். வீங்குவதற்கு இடம் வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு, நாலைந்து நாள் கழித்துத்தான் முழுக்கட்டு. இது அந்த அறையின் அரிச்சுவடி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் காலையில் மாஸ்டரே சொல்லிக் கொடுப்பது.

அந்த மாஸ்டர் தன் பெண்டாட்டிக்கு முழுக்கட்டுப் போட்டார்.

ஏன் போட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அவள் வலியிலும் சிரித்துக்கொண்டு, "ஊர்ல உள்ளவங்க கைகாலெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டினீங்க. இன்னைக்கு என் முறை வந்திருக்கு. எப்படிக் கட்டுறீங்கன்னு பார்க்கிறேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அவருக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கென்று இந்தக் கையால் எதையும் செய்து கொடுத்ததில்லை. துணிமூட்டை மாதிரி ஒன்றைச் சுற்றி அனுப்ப மனசு வரவில்லை. சனிக்கிழமை மழையில் மறுபடி பஸ் ஏறி வந்து அவள் கட்டு மாற்ற வேண்டாமே என்றும் ஒரு நினைப்பு. பஞ்சை மெல்லிசாக வைத்தார், அப்போதுதான் வடிவம் நன்றாக வரும். ஈரக் கையால் தடவித் தடவி வழவழவென்று ஆக்கினார். விரல் ஓரத்தில் துணியை மடித்து, சட்டைக் கைக்கு மடிப்பு வைப்பதுபோல் வைத்தார். அதன் பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில் எலும்பு சரியாகவே உட்கார்ந்திருந்தது. படத்தைத் தியேட்டர் வாசலில் நின்றபடி பார்த்த டாக்டரம்மா கட்டைப் பார்க்கவில்லை.

"அய்யோ, கழட்டவே மனசு வராது போலிருக்கே," என்றாள் பெண்டாட்டி.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பூரிப்பில், யாருக்குக் கட்டுப் போட்டாலும் சொல்லி அனுப்பும் பாடத்தை, விரல் வீங்கினால் உடனே வந்துவிட வேண்டும் என்கிற விரல் பாடத்தை, அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டார். மறந்தார் என்றும் சொல்ல முடியாது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு இருப்பவள்தானே, அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்.

இன்று காலை ஆறரை மணிக்கு அவள் இடது கையால் டீ டம்ளரை நீட்டினாள்.

"கை கொஞ்சம் கனமா இருக்குங்க."

"ஈரம் இன்னும் காயல. மழை நாள்ல ரெண்டு நாள் ஆகும். கனமாத்தான் இருக்கும்."

"விரல் மதமதன்னு இருக்கு."

"தொங்கப் போட்டுட்டே அடுப்படியில நின்னிருப்ப. யாரு உன்னை டீ போடச் சொன்னது? போய்ப் படு. தலகாணி மேல கையைத் தூக்கி வை."

"ம்."

"தூங்கினியா?"

"தூங்கினேனே."

கண் இரண்டும் சிவந்திருந்தன. அவர் குனிந்து விரல்களைப் பார்த்தார். உப்பியிருந்தன, ஆனால் நிறம் மாறவில்லை. நிறம் இருக்கிறது, பயமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குடையை எடுத்தார். பஸ்ஸில் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் பகீரென்றது. விரலை நீட்டிப் பார்க்கவில்லை. வேறு யாராவது வந்து மதமதன்னு இருக்கு என்று சொல்லியிருந்தால் முதலில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பின்னால் நீட்டிப் பார்த்திருப்பார். உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆள் துடித்துப்போவார். அந்த ஒன்றைச் செய்யாமல் தலையணை யோசனை சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இறங்கித் திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நாற்பது குழந்தைகள் காத்திருக்கும். கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அதனால்தான் அவர் பாடவில்லை.

பத்து மணி வாக்கில், குழந்தைகளுக்கு நடுவே ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கதவில் மாட்டிக் கை முறிவு. டாக்டரம்மா அரைக்கட்டு எழுதினாள். மாஸ்டர் பட்டையை அளந்து மடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் கேட்டார்.

"என்னண்ணே, பாதிதான் போடுறீங்க? முழுசா போட்டா கெட்டியா இருக்குமே."

மாஸ்டர் பட்டையை மறுபடி அளந்தார். பாதத்தைப் பிடித்தபடி அடுத்த மேஜையில் இருந்த டாக்டரம்மா, "சொல்லுங்க மாஸ்டர், உங்க பாடமாச்சே" என்று சிரித்தாள்.

"புது அடிங்க," என்றார் மாஸ்டர். "வீங்கும். முழுசா போட்டா வீங்க இடமிருக்காது. உள்ள போற ரத்தம் நின்னு போயிடும். நரம்பு செத்துடும்."

"அம்மாடி! அப்புறம்?"

"அப்புறம் கை இருக்கும். வேலைக்கு ஆகாது."

"நல்லவேளை, நீங்க வெவரம் தெரிஞ்ச ஆளு."

மாஸ்டர் துணியைச் சுற்றி முடித்தார். விரல் பாடத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். விரல் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி நிற்காமல் ஏறினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கிளம்பி வந்துவிட வேண்டும். வர முடியாவிட்டால் பக்கத்தில் எந்த டாக்டரிடமாவது போய்க் கட்டை வெட்டிவிட வேண்டும். "கட்டு போனா வேற கட்டு போட்டுக்கலாம். கை போனா வேற கை கிடையாது" என்று முடிக்கும் இடத்தில் மட்டும் அவர் சுற்றிய துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு வெளியே நடைக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. வலது கை கட்டுக்குள் இருக்கிறது, எடுக்கச் சிரமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு குழந்தைக்குக் கட்டி முடித்துவிட்டு மறுபடி அடித்தார். இன்னொன்று முடித்து மறுபடி. நாலாவது முறையும் எடுக்கவில்லை என்றதும் மாடி வீட்டம்மாவுக்குப் போட்டார்.

"கதவு பூட்டியிருக்கேண்ணே," என்றாள் அந்த அம்மா. "எட்டரை மணிக்கே குடையோட கிளம்பிப் போனாங்க. எங்கேன்னு கேட்டேன், இதோ வந்துடறேன்னாங்க. மொகமே சரியில்ல."

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே போயிருப்பாள்? வேறு ஆஸ்பத்திரிக்கா? வழியில் மயங்கி விழுந்துவிட்டாளா? ஷூ செக்‌ஷனுக்குப் போய் எட்டிப் பார்த்தார். மிஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. கம்பி பூட்டுகிறவர், "அக்கா இன்னைக்கு லீவுதானே மாஸ்டர்?" என்று அவரையே கேட்டார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா அடுத்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு முழம் தூரத்தில்தான் அவள் முகம். மேடம், நேற்று நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. காலையிலிருந்து எத்தனை நிமிஷம் அப்படிப் போயிற்று! மாஸ்டர் கட்டினால் பார்க்கவே வேண்டாம் என்று அவள் ஒரு தடவை பெரிய டாக்டரிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அதை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் சுருளை எடுத்துத் தண்ணீரில் முக்கினார்.

சிஸ்டர் வாசலில் நின்று டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பதினாலு!" என்றால் இருபது வந்தது. "ஏம்மா, பதினாலு எங்கே?" என்றால், "அவங்க எங்களை முன்னால போகச் சொல்லிட்டாங்க சிஸ்டர், குழந்தை ரொம்ப அழுதுன்னு" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பதினாலைக் கூப்பிட்டாள். இருபத்தாறு வந்தது. "அந்த மகராசி யாரு, இப்படி வரிசையைத் தானம் பண்ணிட்டிருக்கா?" என்று சிஸ்டர் அலுத்துக்கொண்டாள். கூட்டத்தில் எட்டிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். "வார்டுல நாலு பேரைப் பார்த்துட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள பழைய கட்டை எல்லாம் பிரிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். புதன்கிழமைதோறும் அவள் போகிற நேரம் அது.

அவள் தலை மறைந்ததும், கூப்பிடாமலே பதினாலாம் நம்பர் உள்ளே வந்தது. புடவை முந்தானையால் வலது கையை மூடிக்கொண்டு, இடது கையால் அதை ஏந்திக்கொண்டு அவர் பெண்டாட்டி நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"எப்ப வந்த?" மாஸ்டர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தார்.

"ஒன்பதரைக்கே வந்துட்டேங்க. தூண் பின்னால உட்கார்ந்திருந்தேன்."

"மூணு மணி நேரமாவா? ஏன் உள்ள வரல?"

"டாக்டரம்மா இருந்தாங்களே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அரைக்கட்டுன்னு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும். பார்த்தா உங்களை ஏதாச்சும் சொல்லுவாங்க. நீங்களே சத்தமில்லாம கொஞ்சம் லூஸ் பண்ணிடுங்க. போயிடறேன்."

மாஸ்டர் முந்தானையை விலக்கினார். விரல்கள் காலையில் பார்த்ததைவிட ஒரு மடங்கு பருத்து, தோல் மினுமினுத்து, நகக்கண்ணில் நீலம் ஏறியிருந்தது. நேற்று மடித்து வைத்த அந்த அழகான ஓரம் சதைக்குள் புதைந்திருந்தது.

வெட்டும் மிஷினை எடுத்தார். அதன் இரைச்சலில் பக்கத்துக் குழந்தை வீரிட்டது. சுண்டுவிரல் பக்கமாக முழங்கை வரை ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு. விரிப்பானைக் கொடுத்து நெம்பினார். கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த பஞ்சையும் கத்தரியால் தோல் தெரியும்வரை வெட்டினார். அவள் 'ஹா' என்று ஒரு பெருமூச்சு விட்டாள். கை முழுக்கப் பஞ்சின் வரிகள் பதிந்திருந்தன.

சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் மேஜையில் கிடந்த இரண்டு பாதிகளையும் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சீட்டுல அரைக்கட்டுன்னுதானே இருந்துச்சு மாஸ்டர்?"

"ஆமா."

"டாக்டரம்மாவைக் கூப்பிடறேன்."

"வேண்டாம் சிஸ்டர்," என்றாள் அவர் பெண்டாட்டி முந்திக்கொண்டு. "இப்ப நல்லா இருக்கு. நிஜமா. பாருங்க, நிறம் வந்துடுச்சு."

நிறம் வந்துகொண்டுதான் இருந்தது. நீலம் கரைந்து விரல் நுனி சிவந்தது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க ஆசையாக இருந்தது. இத்தோடு போய்விடும் என்று நம்ப ஆசையாக இருந்தது. நம்பினார்.

"அரை மணி நேரம் பார்ப்போம் சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இருபது நிமிஷம். அதுக்கு மேல நான் யாருக்காகவும் பார்க்க மாட்டேன்."

பெண்டாட்டியைத் திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்க வைத்துக் கையைத் தலையணைமேல் வைத்தார்கள். மாஸ்டர் குழந்தைகளின் பழைய கட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தார். ஒரு கட்டின் நுனியைத் தேடிப் பிடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் என்றைக்கும் ஆனதில்லை. கடிகாரத்தின் முள் நகரவே இல்லை. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. வலித்தால் முனகுவாள் அல்லவா, முனகலைக் காணோம், அப்படியென்றால் சரியாகிவிட்டது என்று கணக்குப் போட்டார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு போடுகிற கணக்கா அது!

பதினைந்து நிமிஷம் ஆனதும் பொறுக்க முடியாமல் எழுந்து போனார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"வலி?"

"போயிடுச்சு."

"கண்ணை மூடு. விரலைத் தொடறேன். எந்த விரல்னு சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் ஒரு பஞ்சுத் துணுக்கைத் திரித்துப் பெருவிரல் நுனியில் வைத்தார்.

"பெருவிரல்."

அடுத்ததைத் தொட்டார்.

"ஆள்காட்டி விரல்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுவிரலைத் தொட்டார்.

"நடுவிரல்," என்றாள்.

அடுத்த விரலுக்குப் போகுமுன், திரைக்கு வெளியே ஒரு குழந்தை தொட்டித் தண்ணீரைத் தட்டிவிட்டது. யாரோ அம்மா கூச்சல் போட்டாள். மாஸ்டர் பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"மோதிர விரல்," என்றாள் அவள்.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அவர் பஞ்சைக் கொண்டுபோய்ப் பெருவிரலில் அழுத்தினார். நகத்தாலேயே அழுத்தினார்.

"சுண்டு விரல்," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் திறந்தாள். "சரியாச் சொன்னேனா?"

பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிப்பது மாஸ்டரின் வழக்கம். ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் எத்தனை மூச்சு இடைவெளி விடுவார் என்பதுகூடப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வார் தைத்தவளுக்கு மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு வரிசையாக ஒப்பித்திருக்கிறாள். ஒரு விரலிலும் அவளுக்கு உணர்வு தெரியவில்லை. ஒரு கை போவதைப் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள், புருஷன் பேர் கெடக் கூடாது என்று.

"நான் தொடவே இல்லம்மா," என்றார்.

அவள் முகம் கறுத்துவிட்டது. எழுந்து போகத் திரும்பியவரின் சட்டையை இடது கையால் பிடித்தாள்.

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். வந்துடும். அவங்க வந்தா என்ன சொல்லுவீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"எல்லாரும் இருக்காங்க வெளிய."

"இருக்கட்டும். சட்டையை விடு."

மாஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "சிஸ்டர், டாக்டரம்மாவை ஓடி வரச் சொல்லுங்க!" என்று கத்தினார். அந்த அறையில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. நாலு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தின.

டாக்டரம்மா சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தாள். அவள் கையைக் கழுவி முடிக்கும்வரைகூட மாஸ்டர் பொறுக்கவில்லை. இருபது அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்க நின்ற இடத்திலேயே சொன்னார்.

"நீங்க அரைக்கட்டு எழுதினீங்க. நான் முழுக்கட்டு போட்டேன் மேடம். பஞ்சும் கம்மியா வெச்சேன். காலையில மதமதன்னு இருக்குன்னா, நான் விரலை நீட்டிப் பார்க்கல. இப்ப வெட்டி இருபது நிமிஷம் ஆச்சு. உணர்வு இல்ல. இருக்குன்னு பொய் சொல்றா. நம்பாதீங்க."

டாக்டரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். திரைக்குள் போய் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்டினாள். ஷூ அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சொல்லு என்று தலையை ஆட்டினார்.

"வலிக்குது," என்றாள் யாருக்கும் கேட்காத குரலில்.

"தொடறது தெரியுதா?"

"தெரியல டாக்டர். விடியறதுக்கு முன்னாலேயே தெரியல."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து சாயங்காலம். கையைப் பார்த்து எதுவும் இறங்கல."

"அந்த வரைக்கும் நல்லது, மயக்க மருந்து கொடுக்கலாம்," என்றாள் டாக்டரம்மா. மாஸ்டரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "உள்ள அழுத்தம் இன்னும் இறங்கல. கையைக் கீறித் திறந்து விடணும். இப்பவே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தியேட்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

தள்ளுவண்டி வந்தது. ஏற்றிப் படுக்க வைத்தபோது அவள் மேஜையில் கிடந்த கட்டின் பாதிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா அழகாத்தாங்க இருந்துச்சு," என்றாள்.

மாஸ்டர் அந்த இரண்டு பாதிகளையும் எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் அழுத்தினார்.

தியேட்டர்க் கதவு சாத்தியதும் அங்கேயே சுவரோரம் உட்காரப் போனவரைச் சிஸ்டர் விடவில்லை. "நீங்க இங்க உட்கார்ந்தா உள்ள வேலை சீக்கிரம் முடியப் போறதில்ல. பதினோரு குழந்தைங்களை ஊறவெச்சுட்டு வந்திருக்கோம். காலெல்லாம் வெறைச்சுப் போய்க் கிடக்குதுங்க. எழுந்திருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மாவுக்குப் பதிலாகப் பாதம் பிடிக்கிற வேலைக்குப் பெரிய டாக்டரே வந்து நின்றார். அவர் காதுக்கு எல்லாம் போயிருந்தது. "நாளைக்கு ரூமுக்கு வாங்க மாஸ்டர், பேசணும்" என்றார். "வரேன் சார்" என்றார் மாஸ்டர். அதைப் பற்றி நினைக்க அவருக்கு மனசில் இடமில்லை. பதினோரு கட்டையும் போட்டார். ஒவ்வொன்றையும் போட்டு முடித்ததும் அந்தக் குட்டி விரல்களை அழுத்தி, விட்டு, சிவப்புத் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பியதை நம்பாமல் மறுபடி அழுத்தினார். ஒரு அம்மா பயந்துபோய், "ஏதாச்சும் கோளாறாங்க?" என்று கேட்டாள்.

"குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் மாஸ்டர்.

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"மணிக்கட்டு வரைக்கும் திறந்து விட்டாச்சு. சதை சாகல, சிவப்பா இருக்கு. நரம்புதான் நசுங்கிப் போயிருக்கு. அது திரும்புமா, எவ்வளவு திரும்பும்னு என்னால இப்ப சொல்ல முடியாது. மயக்கம் தெளியட்டும்."

"தைக்க முடியுமா மேடம்? மிஷின்ல?"

"மயக்கம் தெளியட்டும் மாஸ்டர்."

பெண்கள் வார்டில் சன்னலோரக் கட்டில். வெளியே மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பொதி போலக் கட்டிய கை ஒரு கம்பியிலிருந்து தூக்கித் தொங்கவிடப்பட்டிருந்தது. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, பயத்தில் மடக்கிக்கொண்டார். தொட்டு, அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்? தொட்டு, இருக்கிறது என்று மறுபடி பொய் சொன்னால்? எதைக் கேட்டாலும் நம்ப முடியாத இடத்துக்குத் தானே அவளைக் கொண்டுவந்து விட்டோம் என்று நினைத்துக்கொண்டார். மயக்கத்தில் அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள். ஒரு தடவை வாரில் எத்தனை ஓட்டை என்று யாரையோ கேட்டாள்.

ஐந்து மணிக்குக் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் கோணியது.

"அம்மா...!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, உயிர் போகுதே! எரியுதே!"

வார்டு நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தாள். மாஸ்டர் எழுந்து குறுக்கே நின்றார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒரே நிமிஷம்." அவர் கட்டிலின் மேல் குனிந்தார். "எந்த விரலும்மா? எந்த விரல் எரியுது?"

"வழியை விடுங்க! ஊசி போடச் சொல்லுங்க!" என்று அலறினாள் பெண்டாட்டி.

"சொல்லும்மா. எந்த விரல்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'என்னங்க' என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைத்திராதவள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"யோவ்! எல்லா விரலும்தான்யா! அஞ்சும் எரியுதுய்யா!"

மாஸ்டர் நர்ஸுக்கு வழி விட்டார். சுவரில் சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் அழுதார்.